கோப்பில் ஏறாத பேச்சு

சபா மாநிலம் யாருக்குச் சொந்தம் என்ற தகராறில் மலேசியாவுக்கும் பிலிப்பைன்ஸுக்கும் 1968-இல் தூதரக உறவே அற்றுப்போனது. 1969 டிசம்பர் 16-ஆம் தேதி, ஆசியான் அமைப்பின் ஐந்து நாட்டு வெளியுறவு அமைச்சர்கள் தங்கள் மூன்றாவது கூட்டத்துக்காகக் கேமரன் மலையில் கூடினார்கள். சண்டை போட்ட இரண்டு நாடுகளும் அந்த ஐந்தில் அடக்கம். அங்கே மலேசியப் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் ஒரு செய்தியைச் சொன்னார்: இரு நாடுகளும் உடனே உறவைப் புதுப்பித்துக்கொள்கின்றன, தூதர்கள் மறுபடியும் நியமிக்கப்படுவார்கள்.

சபா தகராறு தீர்ந்துவிட்டதா என்றால், இல்லை. இன்றுவரை பிலிப்பைன்ஸ் தன் உரிமைக்கோரிக்கையை முறைப்படி கைவிடவில்லை. சண்டைக்குக் காரணம் அப்படியே இருக்க, சண்டை மட்டும் நின்றுபோனது. வக்கீல்களும் வரைபடங்களும் சாதிக்காததை ஒரு மலைவாசத்தலத்தில் நடந்த சந்திப்பு எப்படிச் சாதித்தது? அதுவும் ஒருமுறை அல்ல. 1962-இலிருந்து 1969-க்குள் இந்தத் தேயிலை மலைக்கும் தென்கிழக்காசியாவின் தலையெழுத்துக்கும் மூன்று முறை முடிச்சு விழுந்தது.

முதலில் மலையைப் பார்ப்போம். கேமரன் மலை பஹாங் மாநிலத்தைச் சேர்ந்தது. ஆனால் அந்தக் காலத்தில் அங்கே போக வேண்டுமானால் பேராக் மாநிலத்துத் தாப்பாவுக்கு வந்துதான் ஏற வேண்டும். ஏறத்தாழ 60 கிலோமீட்டர், வளைவுமேல் வளைவாக, ரிங்லெட்டைத் தாண்டி தானா ராத்தா வரைக்கும். வேறு வழி கிடையாது. 1885-இல் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் இந்தப் பக்கம் வந்து போனார். அவர் பெயரே மலைக்கு நிலைத்தது. 1929-இல் ஜான் ஆர்ச்சிபால்ட் ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். அவருக்குத் துணை நின்றவர் ஏ. பி. மில்ன், இலங்கையில் தேயிலை பார்த்துத் தேர்ந்தவர். தோட்டத்தோடு தமிழர்களும் மலையேறினார்கள். கங்காணி, கிராணி (எழுத்தர்), பெரட்டு (காலை ஆள்கணக்கு), லயம் (வரிசைக் குடியிருப்பு) என்று நம்மவர்களின் முழுத் தோட்டத்து உலகமும் சரிவுகளில் குடியேறியது.

காற்று மேலே ஏற ஏற அழுத்தம் குறைந்து விரிகிறது. விரியும்போது வெப்பத்தை இழக்கிறது. சராசரியாக 1,000 மீட்டருக்கு 6.5 டிகிரி. தானா ராத்தா 1,400 மீட்டருக்கு மேல் இருப்பதால், கோலாலம்பூரில் சட்டை முதுகில் ஒட்டிக்கொள்ளும் மதியத்தில் இங்கே கம்பளிச் சட்டை தேடுவார்கள். தேயிலைக் கொழுந்து நிதானமாக வளர்ந்து மணம் சேர்ப்பது இந்தக் குளிரில்தான். வெள்ளைக்கார அதிகாரிகளும் அதைத் தேடியே வந்தார்கள். பங்களாக்கள் எழுந்தன, கோல்ஃப் மைதானம் வந்தது, 1937-இல் இங்கிலாந்து கிராமத்துச் சத்திரம் போல ஸ்மோக்ஹவுஸ் விடுதி வந்தது. அலுவலகத்தை மறப்பதற்கென்றே கட்டப்பட்ட ஊர் இது. அரசாங்கம் நடத்துகிறவர்கள் அரசாங்கத்திலிருந்து தப்பி வரும் இடம்.

அப்படிப்பட்ட இடத்துக்குத்தான் 1962 ஏப்ரலில் மலாயா, தாய்லாந்து, பிலிப்பைன்ஸ் ஆகிய மூன்று நாடுகளின் வெளியுறவு அமைச்சர்கள் வந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு பாங்காக்கில் அவர்கள் தொடங்கிய அமைப்பின் பெயர் ஆசா, தென்கிழக்காசியச் சங்கம். அதன் சிறப்புக் கூட்டம் கோலாலம்பூரிலும் கேமரன் மலையிலும் நடந்தது. பெரிய ஒப்பந்தம், ராணுவக் கூட்டு என்று எதுவும் வேண்டாம். பக்கத்து நாட்டார் பழகிக்கொள்ள ஒரு இடம் இருந்தால் போதும் என்பதே துங்குவின் எண்ணம். அந்தப் பழக்கம் முற்றுவதற்கு நேரம் கிடைக்கவில்லை. இரண்டே மாதத்தில், 1962 ஜூனில், பிலிப்பைன்ஸ் சபா மீது உரிமை கோரியது. ஆசா படுத்துவிட்டது. ஆனால் மலைக்கு வந்து போன பழக்கம் வீணாகவில்லை என்பது ஏழு ஆண்டுகள் கழித்துத் தெரிந்தது.

இடையில் 1965.

மலேசியாவுக்குள் சிங்கப்பூர் சேர்ந்து இரண்டு ஆண்டுகள்கூட நிறையவில்லை. கோலாலம்பூர் அரசுக்கும் சிங்கப்பூர் அரசுக்கும் ஒத்துப்போகவில்லை. 1964-இல் சிங்கப்பூரில் இனக்கலவரம் நடந்து உயிர்கள் போயிருந்தன. துங்கு லண்டனில் அக்கி நோயோடு மருத்துவமனையில் படுத்திருந்தார்; படுத்தபடியே, சிங்கப்பூர் பிரிந்து போவதுதான் வழி என்ற முடிவுக்கு வந்தார். அதைப் பேசி முடிக்கும் வேலை துணைப் பிரதமர் துன் ரசாக்கின் தலையில் விழுந்தது. சிங்கப்பூர்ப் பக்கம் பேசியவர் நிதியமைச்சர் கோ கெங் சுவீ.

இந்த இருவருக்கும் இடையில் பழைய பழக்கம் இருந்தது. 1949-இல் லண்டனில் மலாயா மாணவர்கள் கூடிப் பேச ‘மலாயன் ஃபோரம்’ என்ற ஒரு அமைப்பு உருவானது. கோ அதன் முதல் தலைவர். ரசாக்கும் அதில் இருந்தவர். குளிர்கால மாலைகளில் ஒரே அறையில் உட்கார்ந்து, இன்னும் பிறக்காத ஒரு நாட்டைப் பற்றி வாதிட்டவர்கள், 16 ஆண்டுகள் கழித்து அந்த நாட்டை இரண்டாக்குவது எப்படி என்று ஜூலை மாதம் முழுக்கச் சந்தித்துச் சந்தித்துப் பேசினார்கள். தூதுக்குழு இல்லை, நிகழ்ச்சி நிரல் இல்லை. கோவின் கையில் சிங்கப்பூர்ப் பிரதமர் லீ குவான் யூ எழுதிக் கொடுத்த, ஜூலை 26 தேதியிட்ட ஓர் அதிகாரக் கடிதம் இருந்தது. அதையும் கோவேதான் கேட்டு வாங்கினார்.

லீ எங்கே? ஆகஸ்ட் முதல் வாரத்தில் அவர் குடும்பத்தோடு கேமரன் மலையில் விடுமுறையில் இருந்தார். ஆண்டுதோறும் ஓய்வுக்குப் போகிற பிரதமர் போயிருக்கிறார் என்றுதான் உலகம் நினைத்தது. கோலாலம்பூரிலிருந்து கோ தொலைபேசியில் அழைத்தார். அன்றைய வெளியூர் அழைப்பு எக்ஸ்சேஞ்ச் வழியாகத்தான் போக வேண்டும். நடுவில் ஆபரேட்டர் இருப்பார், காது இருக்கும். இருவருக்கும் சரளமான மொழி ஆங்கிலம். அதை விட்டுவிட்டு மாண்டரினில் பேசினார்கள். ஒரு நாடு பிரிகிற செய்தி மலையடிவாரத்துக் காடுகளின் மேல் தொங்கிய கம்பியில் ஏறிப் போனது. வரலாற்றுப் புத்தகங்களில் ஒரு வரியில் முடிந்துவிடும் இந்தக் காட்சியை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். தங்கள் சொந்த அமைச்சரவையின் பெரும்பகுதிக்கே தெரியாத விஷயம் அது.

லீ மலையிலிருந்து காரில் இறங்கி கோலாலம்பூர் வந்தார். சட்ட அமைச்சர் எடி பார்க்கர் எழுதிய ஆவணங்கள் ரசாக்கின் வீட்டில் திருத்தப்பட்டு, மறுபடி தட்டச்சாகி, நள்ளிரவு தாண்டிக் கையெழுத்தாயின. ஒப்பந்தத்தின் தேதி ஆகஸ்ட் 7. அப்போது இந்தோனேசியாவின் ‘கொன்ஃப்ரொன்தாசி’ எதிர்ப்பிலிருந்து மலேசியாவைக் காக்க பிரிட்டன் பல்லாயிரம் படைவீரர்களை அங்கே வைத்திருந்தது. அந்த பிரிட்டனின் தூதர் ஆண்டனி ஹெட்டுக்கே விஷயம் 8-ஆம் தேதிதான் எட்டியது. அவர் ஓடி வந்து தடுக்கப் பார்ப்பதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. 9-ஆம் தேதி காலை சிங்கப்பூர் தனி நாடு.

இந்தக் கதையில் ஒரு தமிழரின் பங்கு வேதனையானது. எஸ். ராஜரத்தினம் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் பிறந்து, கைக்குழந்தையாக மலாயா வந்து, சிரம்பான் பக்கத்தில் ரப்பர் தோட்டச் சூழலில் வளர்ந்தவர். தந்தை தோட்ட மேற்பார்வையாளர். ஒன்றுபட்ட மலேசியா என்ற கனவைப் பேசிப் பேசி எழுதி எழுதி வளர்த்த சிங்கப்பூர் அமைச்சர். அவரை ஆகஸ்ட் 7-ஆம் தேதி கோலாலம்பூருக்கு வரவழைத்துத்தான் விஷயத்தைச் சொன்னார்கள். அவரும் துணைப் பிரதமர் தோ சின் சையும் கையெழுத்துப் போட மறுத்து மனம் உடைந்து நின்றார்கள். வேறு வழியே இல்லை என்று துங்கு தோவுக்கு ஒரு கடிதம் எழுதிய பிறகுதான் போட்டார்கள். பேச்சு நடந்த அறைக்கு வெளியே நிறுத்தப்படுவது என்றால் என்ன என்று ராஜரத்தினத்துக்கு அன்று தெரிந்தது.

இதெல்லாம் சதி அல்லவா, ராஜதந்திரம் ஆகுமா என்று கேட்கலாம். ராஜதந்திரத்தின் பெரும்பகுதி எப்போதும் இப்படித்தான் நடந்திருக்கிறது என்பதே பதில். அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவை அரசு முத்திரை தாங்கிய அதிகாரி அல்ல, புலவர். படைக்கலக் கொட்டிலைச் சுற்றிப் பார்க்கிற சாக்கில், பாராட்டுகிற தொனியில், சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு வந்தவர் என்பது புறநானூறு தரும் செய்தி. திருக்குறளில் தூது 69-ஆம் அதிகாரம். அதற்கு இரண்டு அதிகாரம் தள்ளி, சொல்லாததை முகத்தில் படிக்கும் குறிப்பறிதல். அதை அடுத்து, யார் நடுவில் எதைப் பேசலாம் என்னும் அவையறிதல். தூதனுக்கு வாக்கு மட்டும் போதாது என்பதை அந்த வரிசையே காட்டுவதாக எனக்குப் படுகிறது.

நவீன ஆய்வு இதற்குக் காரணம் தேடியது. சமூகவியலாளர் எர்விங் காஃப்மன் 1950-களில் மனிதப் பழக்கத்தை மேடை, மேடையின் பின்புறம் என்று பிரித்துக் காட்டினார். மேடையில் நாம் நமக்குரிய வேடத்தைக் காப்பாற்றியாக வேண்டும். பின்புறத்தில் வேடத்தைக் கொஞ்சம் தளர்த்தலாம். வெளியுறவு அமைச்சர் மேடையில் ‘எங்கள் நிலைப்பாடு’ என்று ஆரம்பித்தால் அதற்குப் பின்னால் ஒரு நாட்டின் மானம் நிற்கிறது. ஒரு அங்குலம் இறங்கினாலும் மறுநாள் பத்திரிகையில் தோல்வி. 1988-இல் ராபர்ட் புட்னம் என்ற அரசியல் அறிஞர் இதை இன்னும் கூர்மையாகச் சொன்னார்: பேச்சுவார்த்தைக்குப் போகிற ஒவ்வொருவரும் ஒரே நேரத்தில் இரண்டு ஆட்டம் ஆடுகிறார். எதிரே இருப்பவரோடு ஒன்று, தன் முதுகுக்குப் பின்னால் இருக்கும் சொந்த நாட்டாரோடு ஒன்று. முதல் ஆட்டத்தில் நல்ல காய் நகர்த்தல் இரண்டாவதில் தற்கொலையாக முடியலாம். கோப்பில் ஏறாத பேச்சின் பயன் இங்கேதான். ‘ஒருவேளை நாங்கள் இதை விட்டுக்கொடுத்தால் நீங்கள் அதைச் செய்வீர்களா’ என்று ஆழம் பார்க்கலாம். பதில் சரியில்லை என்றால் அந்தக் கேள்வியை யாரும் கேட்கவே இல்லை. நம் ஊரில் சம்பந்தம் பேசும் முன் தாய்மாமனோ தெரிந்தவரோ ஒரு வார்த்தை போட்டுப் பார்ப்பதும் இதற்குத்தான். ஒத்துவராவிட்டால் இரண்டு வீட்டுக்கும் அவமானம் இல்லை.

ஆக, மலையின் குளிர் ஒரு சாக்கு, தூரமே சங்கதி. 1972-இல் இந்திரா காந்தியும் புட்டோவும் பேசியது சிம்லாவில். 1978-இல் எகிப்தும் இஸ்ரேலும் 13 நாள் பேசிய கேம்ப் டேவிட் அமெரிக்காவின் ஒரு மலைக்காட்டில். ஏறிவிட்டால் சட்டென்று இறங்க முடியாத இடம். கோபித்துக்கொண்டு அறையை விட்டு வெளியேறினாலும் ராத்திரிச் சாப்பாட்டுக்கு அதே கூடத்துக்குத்தான் வர வேண்டும். தாப்பா சாலையின் வளைவுகள் அந்த வேலையைச் செய்தன. நிருபர்களுக்கும் அது தூரம்தான்.

இப்படிப்பட்ட பேச்சை ஆராயும் துறை ஒரு அறிவியலாக உருவெடுத்ததே தென்கிழக்காசியாவின் சண்டையை வைத்துத்தான் என்பது பலருக்குத் தெரியாது. ஜான் பர்ட்டன் ஆஸ்திரேலியாவின் வெளியுறவுத் துறைச் செயலாளராக இருந்தவர். 1951-இல் கொஞ்ச காலம் இலங்கையில் அந்நாட்டுத் தூதர். அரசுப் பணியை விட்டபின் லண்டனில் பல்கலைக்கழக ஆசிரியரானார். 1965 டிசம்பரில், சிங்கப்பூர் பிரிந்து ஏறத்தாழ நான்கே மாதத்தில், இந்தோனேசியா, மலேசியா, சிங்கப்பூர் மூன்று தரப்பும் அனுப்பிய ஆட்களை லண்டனில் ஒரு அறையில் உட்காரவைத்தார். கூடவே நடுநிலையான ஆய்வாளர்கள். பேரம் பேசக் கூடாது, தீர்மானம் போடக் கூடாது. இந்தச் சண்டை ஏன் வந்தது, எதிர்த்தரப்பு எதைப் பார்த்துப் பயப்படுகிறது என்று ஆராய மட்டும் வேண்டும். ‘கட்டுக்குள் வைத்த உரையாடல்’ என்று இதை அவர் அழைத்தார். பிறகு ஹெர்பர்ட் கெல்மன் இந்த முறையை இஸ்ரேலியர்களிடமும் பாலஸ்தீனர்களிடமும் பல்லாண்டுகள் கையாண்டார். 1981-இல் ஜோசப் மான்ட்வில் இப்படிப்பட்ட முயற்சிகளுக்கு ‘இரண்டாம் தடம்’ என்று பெயர் வைத்தார். உலகம் முழுக்கப் பல்கலைக்கழகங்களில் பாடமாகிவிட்ட ஒரு துறையின் முதல் சோதனை, நம் மக்கள் வாழும் மண்ணின் பிணக்கு.

பர்ட்டனின் அறையில் கொன்ஃப்ரொன்தாசி முடிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஜகார்த்தாவில் ஆட்சி கைமாறியது. இந்தோனேசியத் தளபதிகளும் மலேசிய வெளியுறவுச் செயலாளர் கசாலி ஷாஃபியும் ரகசியமாகத் தொடர்பு வைத்தார்கள். தாய்லாந்து வெளியுறவு அமைச்சர் தனட் கோமன் நடுவில் நின்றார். 1966-இல் சண்டை ஓய்ந்தது.

அந்தத் தனட் கோமன்தான் 1967 ஆகஸ்டில் ஐந்து நாட்டு அமைச்சர்களை பாங்காக்குக்குத் தென்கிழக்கே பாங்சேன் கடற்கரைக்கு அழைத்துப் போனார். கோட்டு சூட்டு இல்லை. கோல்ஃப் ஆடினார்கள், ஒருவர் ஆட்டத்தை ஒருவர் கிண்டல் செய்தபடி இரவுச் சாப்பாடு சாப்பிட்டார்கள், இடையிடையே வாசகங்களைத் திருத்தினார்கள். விளையாட்டுச் சட்டை ராஜதந்திரம் என்று அவர்களே அதற்குப் பெயர் வைத்தார்கள். ஆகஸ்ட் 8-ஆம் தேதி பாங்காக்கில் கையெழுத்தாகி ஆசியான் பிறந்தது. மலேசியாவுக்காகக் கையெழுத்துப் போட்டவர் துன் ரசாக்; சிங்கப்பூருக்காக ராஜரத்தினம். இரண்டு ஆண்டுகளுக்கு முன் எந்தப் பேச்சு தன்னை வெளியே நிறுத்தியதோ, அதே வகைப் பேச்சில் இப்போது அவர் உள்ளே. ஒரே நாட்டின் அமைச்சராக இருக்க முடியாதவர் பக்கத்து நாட்டின் அமைச்சராக வந்து ரசாக்கின் எதிரே உட்கார்ந்தார். மனிதர்கள் அவ்வளவு சீக்கிரம் மறந்துவிடுவார்கள் என்று நான் நம்பவில்லை. மறக்காமலேயே பேசப் பழகிக்கொண்டார்கள்.

அந்தப் பழக்கத்துக்கு முதல் சோதனை உடனே வந்தது. 1968 மார்ச்சில் மணிலா வளைகுடாவின் கொரெகிடோர் தீவில் முஸ்லிம் இளைஞர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சபாவுக்குள் ஊடுருவ ரகசியமாகப் பயிற்சி தரப்பட்டவர்கள் அவர்கள் என்ற செய்தி வெடித்தது. பேச்சு முறிந்தது. செப்டம்பரில் பிலிப்பைன்ஸ் சபாவைத் தன் உரிமையாகக் குறிப்பிடும் சட்டம் இயற்றியது, தூதரகங்கள் வெறிச்சோடின. டிசம்பரில் அமைச்சர்கள் மறுபடியும் பாங்சேனில் சத்தமில்லாமல் சந்தித்தார்கள். கொஞ்ச காலம் வாயை மூடிக்கொண்டு ஆறப்போடுவது என்று ஏற்பாடு. அடுத்த ஆண்டு முழுக்க ஆறியது. பிறகுதான் கேமரன் மலை.

அங்கே நடந்ததன் சூட்சுமம், யாரும் தோற்கவில்லை என்பதே. பிலிப்பைன்ஸ் தன் கோரிக்கையை வாபஸ் வாங்கியதாக அறிவிக்க வேண்டியிருக்கவில்லை. மலேசியா கோரிக்கையை ஏற்றுக்கொண்டதாக ஒரு சொல்லும் இல்லை. ஆசியான் மீது இரு நாடுகளும் வைத்திருக்கும் மதிப்பினால் உறவைப் புதுப்பிக்கிறோம் என்று காரணம் சொல்லப்பட்டது. ஐந்து பேர் சேர்ந்து வளர்த்த பழக்கமே இருவர் சண்டையிலிருந்து கௌரவமாக இறங்கி வர ஏணியானது. மறுநாள் 17-ஆம் தேதி இரண்டு ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. ஒன்று ஊடக, பண்பாட்டுக் கூட்டுறவு. மற்றொன்று ஆசியான் நிதியம். நாட்டுக்கு 10 லட்சம் அமெரிக்க டாலர். இரண்டின் அடியிலும் இடம் என்று எழுதப்பட்டிருப்பது கேமரன் மலை.

ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவது இதில் எவ்வளவு வேலை செய்கிறது? ஆய்வாளர்கள் கெய்ட்லின் வூலியும் அயலெட் ஃபிஷ்பாக்கும் இதைச் சோதித்தார்கள். 2017-இல் வந்த ஆய்வில், முன்பின் தெரியாத இருவர் ஒரே வகைத் தின்பண்டத்தைத் தின்றபோது ஒருவரையொருவர் கூடுதலாக நம்பினார்கள். 2019-இல் வந்த ஆய்வில், தனித்தனித் தட்டில் சாப்பிட்டவர்களைவிடப் பொதுத் தட்டிலிருந்து எடுத்துச் சாப்பிட்டவர்கள், பாவனையாக நடத்திய ஊதியப் பேச்சுவார்த்தையைச் சீக்கிரம் முடித்தார்கள். அடுத்தவர் எவ்வளவு எடுக்கிறார், நாம் எவ்வளவு விட வேண்டும் என்று கண் பார்த்துக் கை பழகுவதே ஒரு ஒத்திகை என்பது அவர்கள் விளக்கம். இன்னொரு அழகான முடிவும் உண்டு, ஆனால் அதை நான் நம்பச் சொல்ல மாட்டேன். சூடான கோப்பையைக் கையில் பிடித்தவர் மற்றவரை அன்பானவராகப் பார்ப்பார் என்று 2008-இல் ஒரு ஆய்வு சொன்னது. தேநீருக்குப் பெருமை சேர்க்கிற செய்தி. ஆனால் பிறகு அதிகம் பேரை வைத்துச் செய்த சோதனைகளில் அந்த விளைவு தென்படவில்லை. சூட்டைவிட, கோப்பை காலியாகும்வரை எழுந்து போகாமல் இருப்பதுதான் விஷயமாக இருக்கும் என்பது என் எண்ணம்.

சமூக உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954-இல் இதற்கு ஒரு எச்சரிக்கை வைத்தார். இரண்டு கூட்டத்தார் பழகினாலே பகை குறைந்துவிடாது. பழகும்போது இருவரும் சமமாக இருக்க வேண்டும், பொது இலக்கு வேண்டும், கூடி வேலை செய்ய வேண்டும், அதிகாரத்தில் உள்ளவர்கள் அதை ஆதரிக்க வேண்டும். ஐந்து அமைச்சர்களுக்கு இந்த நான்கும் வாய்த்தன. அதே மலையில் தோட்டத் துரைக்கும் தொழிலாளிக்கும் தினமும் பழக்கம்தான். ஆனால் முதல் நிபந்தனையே அங்கே கிடையாது.

தோட்டத்திலும் கோப்பில் ஏறாத பேச்சு நடந்தது. நடத்தியவர் கங்காணி. தன் ஊரிலிருந்தே ஆள் சேர்த்து வந்தவர்; துரையின் உத்தரவைத் தமிழில் இறக்குவார், லயத்தின் முறையீட்டைத் துரையிடம் ஏற்றுவார். எதை ஏற்றுவது, எதை விழுங்குவது என்பது அவர் விருப்பம். கீழே இருப்பவனுக்கு வேறு வழியே இல்லாதபோது, இடையில் நிற்பவர் தூதராக இருக்க மாட்டார், எஜமானாகிவிடுவார். 1941-இல் கிள்ளான் வட்டாரத்துத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் வெடித்தபோது தொழிலாளர் வைத்த கோரிக்கைகளில் ஒன்று, துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கும் கட்டாயம் கூடாது என்பது. கூலி உயர்வோடு இதையும் எழுத வேண்டியிருந்தது. பதிலுக்குப் பட்டாளம் வந்தது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் இறந்தார்கள்.

தமிழருக்கு அறைக்குள் இடமே இருந்ததில்லை என்று சொன்னால் தவறு. மலாயாவின் எதிர்காலத்தைப் பேச 1949-இல் சமூகத் தலைவர்களைக் கொண்டு ஒரு தொடர்புக் குழு அமைந்தது. பிரிட்டிஷ் தலைமை ஆணையர் மால்கம் மெக்டொனால்டின் ஊக்கத்தில், மூடிய கதவுக்குள் அது பேசியது. டத்தோ ஓன், டான் செங் லாக் போன்றவர்கள் இருந்த அந்தக் குழுவுக்குத் தலைவர் இலங்கைத் தமிழரான இ. இ. சி. துரைசிங்கம். குடியுரிமை யாருக்கு என்ற கேள்வியில் மலாய்த் தலைவர்களும் சீனத் தலைவர்களும் முதன்முதலாக மனம்விட்டுப் பேசியது அங்கேதான். நாடு பிற்பாடு கண்ட இணக்கங்களுக்கு வித்து அந்த அறையில் விழுந்தது. ஆனால் துரைசிங்கம் படித்த நடுத்தர வர்க்கத்துப் பிரதிநிதி. லயத்துக்கு அங்கே நாற்காலி இல்லை.

இலங்கை மலையகத்துக்கு இன்னும் கொடுமை. 1964 அக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் மலையகத் தமிழரை 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பங்கிட்டது. இரண்டு பிரதமர்களுக்கும் இடையில் நல்லுறவு வளர்ந்தது உண்மை. பங்கிடப்பட்ட மக்களின் தலைவர்கள் அந்தப் பேச்சில் இல்லை என்பதும் உண்மை. ராஜதந்திரிகள் இளகிப் பேசுவதற்கு அறையைச் சிறியதாக்கியாக வேண்டும். சிறிய அறையில் யார் விடுபடுகிறார்கள் என்பதைத்தான் அந்த முறையைப் புகழும் ஒவ்வொருவரும் கேட்க வேண்டும். நானும் அதைப் புகழ்கிறவன்தான்.

கேமரன் மலையில் அமைச்சர்கள் கூடிய அதே 1969-இல், மலேசியத் தோட்டங்களில் வேறொரு பேச்சாக இருந்தது. குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும் என்ற சட்டம் 1968-இல் வந்து, அப்போது அமலாகத் தொடங்கியிருந்தது. பிறப்புச் சான்று இல்லாமலும், மனு எழுதத் தெரியாமலும், கேட்டுச் சொல்ல ஆள் இல்லாமலும், குடியுரிமை இல்லாதவருக்கான சிவப்பு அடையாள அட்டையோடு நின்றுபோன தோட்டத் தமிழர்கள் ஏராளம். பல்லாயிரம் பேர் வேலை இழந்து, தாங்கள் அதிகம் பார்த்தறியாத தமிழ்நாட்டுக்குக் கப்பலேறினார்கள். எஞ்சியவர்களில் பலர் சிவப்பு அட்டையோடே முதுமையடைந்தார்கள். 2017-இல் மலேசிய அரசு ‘மெகா மைடஃப்தார்’ என்ற பெயரில் ஊர் ஊராக முகாம் போட்டு, ஆவணமில்லாத இந்தியர்களைப் பதிவுக்கு அழைத்தது. அட்டையின் நிறத்தை மாற்ற மனு எழுதிக்கொண்டு வந்த முதியவர்களில், அந்த நாடு சுதந்திரம் அடைவதற்கு முன்பே அதன் தோட்டங்களில் பிறந்தவர்கள் இருந்தார்கள்.